அவர் எழுந்திருக்கும் வரை

வேன் அந்த வீட்டின் முன் நின்றபோது காலை வெயில் மதில்மேல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மேகம் முதலில் இறங்கினான். இறங்கியதும் வானத்தைப் பார்த்தான். அவன் எங்கள் கேமராமேன். எங்கே போனாலும் "ஒரு மேகம் வரட்டும், வெளிச்சம் கொஞ்சம் மெத்துனு ஆகட்டும்" என்று எல்லோரையும் காக்க வைப்பவன் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்களே இப்போது அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"இதான் வீடா? நான் என்னமோ மாளிகைன்னு நினைச்சேன். எங்க பெரியப்பா வீடு மாதிரி இருக்கு," என்றான்.

"உங்க பெரியப்பா ஒரு நல்ல படம் எடுத்திருந்தா அதுவும் மாளிகைதான். ஸ்டாண்டை எடு," என்றான் என் தம்பி.

உண்மையில் அது சாதாரண வீடுதான். துருப்பிடித்த இரும்புக் கேட், சுவரின் அடியில் பச்சையாகப் படர்ந்த ஈரம், மாடியில் மூடிக்கிடந்த ஜன்னல்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வந்தது. அடைத்துக்கிடந்த வீடுகளில் வரும் புழுக்க வாசனை இல்லை. படப்பிடிப்பு விளக்குகளை நெடுநேரம் எரியவிட்டால் அந்தச் சூட்டில் தூசி கருகுமே, அந்த வாசனை. நாங்கள் இன்னும் ஒரு விளக்கைக்கூட வேனிலிருந்து இறக்கவில்லை.

பெரியவர் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நானும் தம்பியும் சினிமாவுக்கு வந்ததற்கு அவர் ஒருவர்தான் காரணம்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனார். பள்ளி விட்டதும் நாங்கள் நேராக அங்கே போய்விடுவோம். மற்றவர்கள் படம் ஓடினால் கூட்டம் இருக்கும். நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். பெரியவர் படம் ஓடினால் தியேட்டரே எங்களுக்குத்தான். "உங்க ரெண்டு பேருக்காகத்தான் அந்த மனுஷன் படம் எடுக்கறாரு போல," என்று அம்மா சிரிப்பார்.

எல்லாப் படங்களிலும் பேச வேண்டியதைப் பேசி முடித்ததும் காட்சி மாறிவிடும். அவர் படங்களில் மாறாது. பேசி முடித்தவர் அங்கேயே நிற்பார். மேசையைத் துடைப்பார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார். எதையோ நினைத்துத் தனக்குள் சிரிப்பார். அதுவரை நடிகராக இருந்தவர் அப்போதுதான் மனிதராவார். இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி கேட்பான்: "அக்கா, இவங்கல்லாம் வீட்டுக்குப் போகவே மாட்டாங்களா?"

எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் விடுவது என்ற யோசனை எனக்குள் விழுந்தது அந்தக் கேள்வியில்தான். நான் படத்தொகுப்பாளர் ஆனேன். அவன் இயக்குநராக அலைய ஆரம்பித்தான்.

அவர் ஏன் அப்படி எடுத்தார் என்பது தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்தது. பெரியவர் "கட்" சொல்ல மாட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால் ஷாட் முடிந்தது என்று அர்த்தம். எழும்வரை, வசனம் தீர்ந்தாலும் கதையே தீர்ந்தாலும், நடிப்பவர் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். "அவர் படத்துக்கா போற? வீட்ல சொல்லிட்டுப் போ," என்பது எங்கள் தொழிலில் பழைய கேலி.

அவர் இறந்த செய்தி வந்த அன்று தம்பி அழுத அழுகை, அப்பாவுக்குக்கூட அவன் அழாதது. முதல் படத்தை எடுத்துக்கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. படம் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. அவரைப் பற்றி ஒரு பத்திரிகையில் அவன் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய மனைவி போன் செய்தார். படத்துக்கு வீடு வேண்டும் என்றால் இங்கேயே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், யாராவது வந்து போனால் எனக்கும் நல்லது என்றார். அப்படித்தான் அங்கே போய் நின்றோம்.

முதல் ஷாட்டுக்கு எல்லாம் தயாரானதும் தம்பி எங்களைக் கூடத்துக்கு அழைத்தான்.

"எழுந்து நின்னு மௌனமா இருக்கறதெல்லாம் வேணாம். அவருக்கு அது பிடிக்காது. அவருக்காக ஒரு ஷாட் எடுப்போம். நான் நடிக்கறேன். அவர் பார்க்கட்டும்."

"நீ நடிக்கறதைப் பார்த்தா அவர் இன்னொரு தடவை போயிடுவாரேடா," என்றான் மேகம்.

தம்பி சிரித்துக்கொண்டே சுவரில் சாய்த்துவைத்திருந்த பெரியவரின் பழைய மர மடக்கு நாற்காலியை எடுத்துவந்து, கேமராவுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டான்.

சமையலறை வாசலில் நின்றிருந்த பெரியவரின் மனைவி, அந்த அம்மா, ஒரு அடி முன்னால் வந்தார். "நாற்காலி வேணாமே தம்பி."

"ஒரே ஒரு ஷாட்தாம்மா."

அவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

ஷாட் மிக எளியது. ஒருவன் உள்ளறையிலிருந்து வருகிறான். கூடத்து ஜன்னலைத் திறக்கிறான். யாரோ வருவார்கள் என்று தெருவைப் பார்க்கிறான். யாரும் வரவில்லை. அவ்வளவுதான். ஒலியைக் கவனிக்க நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மேகம் கேமராவை ஓடவிட்டான்.

தம்பி வந்தான், ஜன்னலைத் திறந்தான், பார்த்தான். முடிந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னல் விளிம்பில் கிடந்த காய்ந்த இலைத்துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தான். மேகம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

அப்போது ஹெட்ஃபோனில் ஒரு சத்தம் கேட்டது.

மரம் முனகும் சத்தம். நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர், இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முன்னால் குனிவதுபோல.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் தம்பிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கையிலிருந்த இலைத்துணுக்குகளைக் கீழே விட்டான். தலையை லேசாகச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கவனிப்பவன்போல நின்றான். பிறகு உள்ளறைக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தான். ஜன்னலைத் திறந்தான். பார்த்தான். என் தம்பி நடிகன் இல்லை. பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னபோதுகூட ஆடியவன். ஆனால் அன்று அவன் தெருவைப் பார்த்த பார்வையில் மேகம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மெமரி கார்டு நிறைந்து கேமரா தானாக நின்றது. "போதும்டா," என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி கையை உயர்த்தித் தடுத்தான்.

"யாரும் சொல்லக் கூடாது. அவர்தான் எழுந்திருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாங்களும் சிரித்தோம். மேகம் ஸ்டாண்டை மடித்தான். நான் நாற்காலியை மடித்துப் பழைய இடத்தில் சாய்த்தேன். சினிமாக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படியொரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு ஷாட்டை ஆரம்பித்துவிட்டு, அதை முடிக்கும் உரிமையை இறந்துபோனவரிடம் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம்.

வீட்டில் முதலில் கவனித்தது எங்கள் அம்மாதான். "என்னடா இது, நேத்துப் போட்ட சட்டையையே போட்டிருக்க?"

அது அன்று அந்த ஷாட்டில் அவன் போட்டிருந்த நீலச் சட்டை. துவைத்துக் காயவைத்து மறுநாளும் போட்டான். அதற்கு அடுத்த நாளும். அம்மா அதிலிருந்து விழுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அதை அவன் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"ஏன்டா?"

"அன்னிக்கு இல்லையேக்கா," என்றான், அதுகூடத் தெரியாதா என்பதுபோல.

எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பயமாக இருந்தது. ஒரே காட்சியைப் பல நாட்கள் எடுக்கும்போது உடை, தாடி, நகம்வரை முதல்நாள் இருந்ததுபோலவே இருக்க வேண்டும். அவன் தாடியை அந்த நாளின் அளவுக்கே வெட்டிக்கொண்டிருந்தான்.

அவனுடைய படம் நின்றுபோயிருந்தது. கேட்டால் "இது முடியட்டும்" என்பான். எது என்று சொல்ல மாட்டான். வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் ஒரு மூலையை மட்டும் பார்க்கவே மாட்டான். ஆனால் அந்த மூலைக்கு முதுகையும் காட்ட மாட்டான். கேமரா இருக்கும் திசையை நடிகர்கள் அப்படித்தான் தவிர்ப்பார்கள்.

ஒருநாள் மதியம் வெளியே போய்விட்டு வந்தான். செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுபடி வந்தான். கழற்றினான். குடித்தான்.

"வந்தவனே எத்தனை தரம்டா வருவ?" என்று அம்மா சிரித்தார்.

அவன் மறுபடி வெளியே போனான்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அஞ்சலிக் காட்சியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துப் பெரியவரின் மனைவிக்கு அனுப்பலாம் என்று அன்றுதான் அதைத் திறந்தேன். நான் வேலைசெய்யும் அறை வீட்டிலேயே, தம்பியின் அறைக்கு அடுத்தது. பதிவு இருக்க வேண்டியதைவிட நீளமாக இருந்தது. ஓடவிட்டேன். கார்டு நிறைந்த இடம் வந்தது. படம் நிற்கவில்லை.

திரையில் நாங்கள் எழுந்து சிரித்தோம். நான் நாற்காலியை மடித்தேன். எல்லோரும் வெளியே போனோம். தம்பியும் எங்களோடு போனான். கதவு சாத்தப்பட்டது. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜன்னலருகே என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

வெளிச்சம் மெல்ல மாறியது. சாயங்காலம் ஆனது. அவன் ஜன்னல் கம்பியைச் சட்டை நுனியால் துடைத்தான். நகத்தைப் பார்த்தான். எதையோ நினைத்துச் சிரித்தான். சுவருக்கு அந்தப் பக்கம், அவனுடைய அறையில், அதே தம்பி இருமுவது எனக்குக் கேட்டது.

மேகத்தை வரச் சொன்னேன். வந்ததும் கேலிதான். "ஃபைல் கெட்டுப்போயிருக்கும்க்கா. கார்டுக்கு வைரஸ் வரும், பேயா வரும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. நீ பட்டப்பகல்ல பார்த்துட்டு உட்கார்ந்திருக்க."

"பேசாம பாரு."

பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வெகுநேரம் கழித்து, தம்பிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலை இறக்கிக் கேட்டான்:

"ஸ்டாண்டை நான்தானேக்கா மடிச்சேன்? அப்ப இது எது மேல நிக்குது?"

என்னிடம் இருந்தது என் தொழில் ஒன்றுதான். கார்டு நிறைந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே வெட்டினேன். மீதியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

பக்கத்து அறையில் ஏதோ கனமாக விழுந்தது.

ஓடினோம். தம்பி தரையில் கிடந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. மேகம் அவன் மார்பை அழுத்திக்கொண்டே "அக்கா, திருப்பிக் கொண்டா! அதைத் திருப்பிக் கொண்டா!" என்று கத்தினான். எப்படியோ மேசைக்குப் போய் அழித்ததை மீட்டேன். திரையில் தம்பி ஜன்னலருகே வந்து நின்றான். பக்கத்து அறையில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி அங்கே ஓடினேன்.

"என்னாச்சு, ஏன் ரெண்டு பேரும் என் ரூம்ல நிக்கறீங்க?" என்றான் தம்பி எழுந்து உட்கார்ந்து. சட்டையைத்தான் முதலில் சரிசெய்துகொண்டான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். வெட்டவும் முடியாது. வெட்டாமல் விட்டால் அவன் எங்கள் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருந்தான். சாப்பாட்டில் பாதி கையில் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, தட்டைக் கழுவிவைத்து, மறுபடி முதலிலிருந்து பரிமாறச் சொல்வான். தூங்குவதற்குப் படுப்பான், எழுவான், மறுபடி படுப்பான். அம்மா அவன் கன்னத்தைப் பிடித்து "என்னைப் பாருடா, என்னைப் பார்த்துப் பேசுடா," என்று கெஞ்சினார். அவன் அம்மாவின் காதோரத்தைப் பார்த்துப் புன்னகைத்தான்.

பெரியவரின் மனைவியைப் பார்க்கப் போனேன். கூடத்தில் அந்தக் கருகல் வாசனை இன்னும் அடர்ந்திருந்தது. அவர் என்னைக் கூடத்தில் உட்கார வைக்காமல் சமையலறைக்குக் கூட்டிப்போனார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.

"அவர் போனதும் அந்த நாற்காலியிலதாம்மா. டாக்டர் வந்து பார்த்துட்டு முடிஞ்சிடுச்சுன்னாரு. எனக்கு நம்பிக்கையே வரல. அவர்தான் இன்னும் எழுந்திருக்கலையே."

"நீங்க சொன்னா கேட்பாரா அம்மா? எழுந்திருங்கன்னு."

அவர் என் கையைப் பிடித்தார். அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

"கல்யாணம் ஆன புதுசுல கேட்டேன். ஏங்க, ஒரு வார்த்தை கட்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவீங்கன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் பார்த்துட்டு இருக்கற வரைக்கும்தான் அந்த ஆள் அங்க இருக்கான். நான் எழுந்தா அவன் இல்ல. அதை எப்படி வாயால சொல்றது?'ன்னாரு. அதனால அவர் எழுந்திருக்கணும்னு மட்டும் வேண்டிக்காதம்மா."

"அப்ப நான் என்னதான் பண்ண?"

கூடத்தில் மரம் முனகியது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உன் தம்பி நல்லா எழுதியிருந்தான்," என்றார் கிசுகிசுப்பாக. "அவரை யாரும் அப்படிப் புரிஞ்சுக்கிட்டதே இல்ல. படிச்சிட்டு ரொம்ப அழுதேன். அதனாலதான் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு ஒரு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் தம்பி வீட்டில் இல்லை. எங்கே போயிருப்பான் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேகத்தின் வண்டியில் நானும் அவனும் போனோம். வழியெல்லாம் அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த அம்மா கதவைத் திறந்தார். "நான் விரிக்கல," என்றார் எடுத்த எடுப்பில்.

நாற்காலி கூடத்தின் நடுவே விரிந்திருந்தது.

தம்பி உள்ளறையிலிருந்து வந்தான். ஜன்னலைத் திறந்தான். தெருவைப் பார்த்தான். மூடினான். உள்ளே போனான். எத்தனை நேரமாகச் செய்துகொண்டிருந்தானோ, முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"டேய், வா வீட்டுக்குப் போகலாம்."

கேட்கவில்லை.

"அம்மா தேடுவாங்கடா."

கேட்கவில்லை.

அவன் கையைப் பிடித்து இழுத்தேன். எதிர்க்கவில்லை, வாசல்வரை வந்தான். வாசலில் என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்துவிட்டான். திரும்பி உள்ளே போனான்.

"கட்!" என்று கத்தினேன்.

மேகம் கத்தினான். அந்த அம்மாவும் வாய்விட்டு, கணவர் ஒருநாளும் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார். நடித்துக்கொண்டிருப்பவனுக்கு இயக்குநர் குரலைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், ஏதோ ஒரு படப்பிடிப்பில், பெருமையாக.

நாற்காலி முன்னால் குனிந்தது.

தம்பி வந்தான். மிக மெதுவாக ஜன்னலைத் திறந்தான். வெளியே பார்த்தான். அவன் முகம் மாறியது. சின்ன வயதில், அம்மா டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு எங்களைக் கூட்டிப்போக வருவதைப் பார்த்ததும் அவன் முகம் எப்படி மலருமோ, அப்படி மலர்ந்தது. அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. தெருவில் யாரோ நிஜமாகவே வந்துவிட்டார்கள்.

நானும் எட்டிப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது.

என் பின்னால் மரம் முனகியது. இந்தமுறை முன்னால் குனியும் சத்தம் இல்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர், கைப்பிடிகளில் கையை ஊன்றி, முழு கனத்தையும் மேலே தூக்கும் சத்தம்.

அந்த அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"எழுந்துட்டாரு," என்றார்.

தம்பி ஆணியிலிருந்து நழுவும் சட்டைபோல மடங்கிக் கீழே விழுந்தான். அவன் முகத்தில் அந்த மலர்ச்சி அப்படியே இருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இந்த வயதில் இப்போதெல்லாம் சகஜம் என்றார்கள். மேகம் கேமராவை விற்றுவிட்டு அவன் அண்ணன் கடையில் உட்கார்ந்துவிட்டான். போன் செய்தால் எடுப்பான். அம்மா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அம்மா மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். ஊர் வாய் என்னென்னவோ பேசியது. கொஞ்ச நாளில் அதற்கும் அலுத்துவிட்டது.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அழித்தால் என்ன ஆகும் என்ற பயமெல்லாம் இல்லை, இனி ஆவதற்கு என்ன இருக்கிறது. தினமும் வேலை தொடங்குமுன் அதைத் திறந்து, கடைசிப் பகுதிக்குப் போய்ப் பார்ப்பேன். காலிக் கூடம். திறந்த ஜன்னல். காலை வெளிச்சம் வந்து போகும், மாலை வெளிச்சம் வந்து போகும். அவன் இல்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை அவன் வந்து ஜன்னல் கம்பியைத் துடைத்தால் போதும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவனைக் கொன்றதும் அந்தப் படம்தான், நான் கும்பிடுவதும் அந்தப் படத்தைத்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம், ஒரு முற்பகல். அம்மா கடைக்குப் போயிருந்தார். வழக்கம்போலத் திறந்தேன். கூடம். ஜன்னல். வெயில்.

படம் அசைந்தது.

ஆரம்பத்திலிருந்து ஓர் இம்மிகூட நகராத ஷாட் அது. இப்போது யாரோ கேமராவில் கை வைத்திருந்தார்கள். ஜன்னல் மெல்ல வலப்பக்கமாக நகர்ந்து மறைந்தது. சுவர் வந்தது. உள்ளறையின் வாசல் வந்தது. கேமரா தயங்கித் தயங்கி, புதிதாகப் பழகுபவர் கையில் இருப்பதுபோல, அந்த வாசலை நோக்கிப் போனது.

வாசலுக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டின் உள்ளறை இல்லை.

ஒரு மேசை. மேசைமேல் ஒரு திரை. அதன்முன் நாற்காலியில் ஒரு பெண்ணின் முதுகு. தலைமுடியைச் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

என் கை தானாகப் பின்னால் போனது. பென்சில் தட்டுப்பட்டது. திரையில் அந்தப் பெண்ணின் கையும் பின்னால் வந்தது.

முதுகுக்குப் பின்னால், ஒலிபெருக்கியில் இல்லை, அறைக்குள்ளேயே, மிக அருகில், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் பிடிப்பதுபோல.

"திரும்பாதக்கா," என்றது அந்தக் குரல், மெதுவாக, எதுவும் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையோடு. "நல்லா வந்துட்டிருக்கு."

என் தம்பியின் குரல்தான். அதில் இருந்த சந்தோஷத்தை நான் அவன் உயிரோடு இருந்தபோது கேட்டதில்லை.

திரும்பினால் அவனைப் பார்க்கலாம். திரும்பினால் அவன் எடுப்பது பாழாகும்.

இன்னும் நான் திரும்பவில்லை.